ஆற்றுப் படுகையில் அரிய வண்ண வைரம்: தேடலில் முதலீடு செய்யும் முன் அறிய வேண்டியது என்ன?

ஆப்பிரிக்க நாடான அங்கோலாவின் லுலோ ஆற்றுப் படுகைச் சுரங்கத்தில் 2022 ஜூலையில் 170 காரட் எடையுள்ள இளஞ்சிவப்பு வைரம் கிடைத்தது. 'லுலோ ரோஸ்' எனப் பெயரிடப்பட்ட அந்தக் கல், 300 ஆண்டுகளில் கிடைத்த மிகப்பெரிய இளஞ்சிவப்பு வைரமாக இருக்கலாம் எனக் கூறப்பட்டது. அச்சுரங்கத்தில் 40 சதவீதப் பங்கு வைத்திருந்த, ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட லுகாபா நிறுவனம், மூன்று ஆண்டுகள் நிறைவடையும் முன்பே, 2025 மே மாதத்தில், வெளி நிர்வாகிகளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. அரிய கல் கிடைத்தால் முதலீட்டாளருக்கும் லாபம் கிடைத்துவிடும் என்று கருத முடியாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஆற்றுக்கு வைரம் வருவது எப்படி?

பூமிக்கடியில் சுமார் 150 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உருவாகும் வைரம், கிம்பர்லைட், லாம்ப்ராய்ட் எனப்படும் எரிமலைப் பாறைகள் வழியே மேலே வருகிறது. மழையும் வெள்ளமும் அப்பாறைகளை அரிக்கும்போது வைரம் ஆற்றில் அடித்துச் செல்லப்படுகிறது. சாதாரண மணலைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால், நீரின் வேகம் குறையும் வளைவுகளிலும் பாறைக் குழிகளிலும் சரளைக் கற்களுடன் அது தங்கிவிடுகிறது. விரிசல் உள்ள கற்கள் வழியிலேயே நொறுங்கிவிடுவதால், ஆற்றில் எஞ்சுபவை பெரும்பாலும் தரமானவையாக இருக்கும்.

நைட்ரஜன் கலந்தால் மஞ்சள், போரான் கலந்தால் நீலம், இயற்கைக் கதிரியக்கத்தால் பச்சை, படிக அமைப்பு அழுத்தத்தில் சிதைந்தால் இளஞ்சிவப்பு என நிறங்கள் அமைகின்றன. 10,000 கற்களில் ஒன்றே ஆழ்ந்த நிறம் கொண்டது என்பது வைர வணிகத்தில் பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

கிருஷ்ணா நதியின் புகழ்

உலகின் புகழ்பெற்ற வண்ண வைரங்கள் சில, கிருஷ்ணா நதிக்கரையிலிருந்து சென்றவை. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள 45.52 காரட் நீல நிற 'ஹோப்' வைரம், ஆந்திராவின் கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படுகிறது. அச்சுரங்கப் பகுதி தற்போது புலிச்சிந்தலா நீர்த்தேக்கத்தில் மூழ்கியுள்ளது. மழைக்காலத்தில் கர்னூல், அனந்தப்பூர் பகுதி நிலங்களில் மக்கள் இன்றும் வைரம் தேடுகின்றனர்.

அக்காலத்திலும் பெரும் லாபம் வணிகருக்கே சென்றது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநர் தாமஸ் பிட், 1702 வாக்கில் 410 காரட் வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். வெட்டி மெருகேற்றப்பட்ட அக்கல் 1717-இல் பிரான்ஸ் அரச குடும்பத்துக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்கப்பட்டது.

கணிப்பு ஏன் கடினம்?

ஒரு காரட் என்பது 0.2 கிராம். 100 டன் சரளையில் 5 காரட் வைரம் இருப்பதாகக் கொண்டால், 10 கோடி கிராமில் ஒரு கிராம் மட்டுமே வைரம். சோதனைக்காகத் தோண்டியதில் 200 கற்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். 10,000-க்கு ஒன்று என்ற கணக்கின்படி, இத்தகைய 100 சோதனைகளில் சுமார் 98-இல் ஒரு வண்ணக் கல்லும் சிக்காது. மாறாக, தற்செயலாக ஒன்று சிக்கிவிட்டால், அந்த ஒரே கல் முழுப் படுகையின் சராசரி மதிப்பையும் பல மடங்கு உயர்த்திக் காட்டிவிடும். எனவே, ஒரு கல்லின் புகைப்படத்தைக் காட்டி வருவாய் உறுதி எனக் கூறுவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் இதற்கு மற்றொரு சான்று. 1979-இல் ஓடைச் சரளையில் கிடைத்த வைரங்களைப் பின்தொடர்ந்தே அதன் மூலப் பாறை கண்டறியப்பட்டது. உலகின் இளஞ்சிவப்பு வைரங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அங்கிருந்து வந்தன. ஆயினும், அச்சுரங்கத்தின் மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சுரங்கம் 2020 நவம்பரில் மூடப்பட்டது.

இந்தியச் சட்டம் கூறுவது என்ன?

கனிம வளங்கள் சட்டம் 1957-இன்படி, அனுமதியின்றி வைரத் தேடலில் ஈடுபட முடியாது. 2015 திருத்தத்தின் மூலம் ஏல முறை கொண்டுவரப்பட்டது. 2023 திருத்தம் வைரம் உள்ளிட்ட 29 கனிமங்களுக்குத் தனி ஆய்வு உரிமத்தை அறிமுகப்படுத்தியது. இதன்கீழ் கனிமத்தைக் கண்டறியும் நிறுவனத்துக்கு, பின்னர் அச்சுரங்கம் ஏலம் போகும்போது கிடைக்கும் ஏலத் தொகையில் ஒரு பங்கு வழங்கப்படும். சுரங்கம் ஏலத்தில் வென்றவருக்கே செல்லும்.

பொதுமக்களிடம் பணம் திரட்டி நடத்தப்படும் கூட்டு முதலீட்டுத் திட்டங்கள் செபியில் பதிவு பெற வேண்டும். ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

கொச்சி பிராட்வே கடைத்தெருவில் தரச்சான்றிதழுடன் ஒரு வைரத்தை வாங்குபவரின் கையில் கல்லாவது இருக்கும். தேடலுக்குப் பணம் கொடுப்பவர் வாங்குவது ஒரு வாய்ப்பை மட்டுமே. எனவே, பணம் செலுத்தும் முன் பின்வருவனவற்றை எழுத்துப்பூர்வமாகக் கேட்பது அவசியம்:

* ஆய்வு உரிமம் யார் பெயரில், எத்தனை ஆண்டுகளுக்கு உள்ளது?
* எத்தனை டன் சரளை சோதிக்கப்பட்டது, எத்தனை காரட் கிடைத்தது?
* மிகப்பெரிய கல்லை நீக்கிவிட்டால் சராசரி மதிப்பு எவ்வளவு?
* சுயேச்சையான நிபுணர் அறிக்கை உள்ளதா?
* திட்டம் செபியில் பதிவு பெற்றதா?

இவற்றுள் மூன்றாவது கேள்விக்கான பதிலே, அத்திட்டம் படுகையின் வளத்தை நம்பியுள்ளதா, ஒரே ஒரு கல்லை நம்பியுள்ளதா என்பதைத் தெளிவுபடுத்தும்.