இரும்புப் பட்டறைக்குள் றோபோ: எங்கட தொழிலுக்கு இனி மதிப்பு இருக்குமா?

ஊரில் வெல்டிங் பட்டறையிலோ கூரைச் சட்ட வேலையிலோ நின்றவர்கள் ஜேர்மனிக்கு வந்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இஞ்ச எல்லாம் றோபோதான் ஒட்டுதாம், எங்களை ஆர் எடுக்கப் போறாங்கள்?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் கைத்தொழிலுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்கும் கடதாசி கையில் இருக்க வேண்டும்.

றோபோ என்ன செய்கிறது?

ஜேர்மனிக்கு றோபோ புதிது அல்ல. அவுக்ஸ்பூர்க் நகரத்துக் கூக்கா நிறுவனம் 1973இலேயே ஆறு அச்சுகளில் அசையும் 'ஃபமுலுஸ்' என்ற றோபோவைச் செய்தது. கார்த் தொழிற்சாலைகளில் றோபோக்கள் விரைவாகப் பரவின. கட்டிடங்களுக்கு இரும்புச் சட்டம் செய்யும் பட்டறைகளுக்கு (இதை 'ஸ்டால்பௌ' என்பார்கள்) பிந்தித்தான் வந்தன.

காரணம் இதுதான். கார்கள் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் வரும். கட்டிடத்துக்குரிய பீம்கள் அப்படி அல்ல. ஒவ்வொன்றும் வேறு நீளம், துளைகளும் வேறு வேறு இடத்தில். ஆலையிலிருந்து வரும் பீம் நூல் பிடித்த மாதிரி நேராகவும் இருக்காது. அனுபவம் உள்ளவர் கண்ணால் பார்த்தே சரிசெய்து விடுவார். றோபோவுக்கு அந்த வித்தியாசத்தைக் காட்ட லேசர் உணரி தேவை.

இப்போது பெரிய பட்டறைகளில் வேலை இப்படி நடக்கிறது. வரைபவர் முழுக் கட்டிடத்தையும் கணினியில் முப்பரிமாணமாக வரைகிறார். ஒவ்வொரு பீமின் அளவும் ஒரு கோப்பாக மெஷினுக்குப் போகிறது. அதற்கென்று ஜேர்மன் இரும்புக் கட்டுமானச் சங்கம் வகுத்த கோப்பு முறை வெளிநாடுகளிலும் பாவிக்கப்படுகிறது. பீம் உருளைகளில் நகர்ந்து போக, வாள் அரிகிறது, துளைக்கும் மெஷின் துளைக்கிறது, றோபோவின் பிளாஸ்மா சுவாலை மூலைகளை வெட்டுகிறது. தகடு எங்கே வரவேண்டும் என்ற கோட்டையும் மெஷினே கீறிவிடும்.

மனிதருக்கு என்ன மிச்சம்?

நிறைய இருக்கிறது. தகட்டைப் பொருத்தி, புள்ளி புள்ளியாக ஒட்டிப் பிடிக்க வைக்கும் வேலை பல பட்டறைகளில் இன்னும் மனிதர் கையில்தான். அதன் பிறகு நீளமான ஒட்டை றோபோ போடும். கை போக இடமில்லாத மூலை, திருத்த வேலை, பரிசோதனை, கட்டிடம் எழும் இடத்தில் ஆணி பூட்டுவது எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.

இன்னொரு விடயம். உருகிய இரும்பு எப்படி ஓடும் என்று தெரியாதவரால் றோபோவுக்குச் சரியான வேகமும் மின்னோட்டமும் கொடுக்க முடியாது. வெல்டிங் தெரிந்தவர் றோபோ பழகுவது சுகம்.

என்ன கடதாசி தேவை?

கட்டிடத்தின் சுமையைத் தாங்கும் இரும்புக்கு ஈ.என். 1090 என்ற ஐரோப்பிய நியமம் இருக்கிறது. 2014 ஜூலை 1இலிருந்து இது கட்டாயம். அதனால் இருபது வருச அனுபவம் இருந்தாலும், சோதனை எழுதாத வெல்டரைக் கொம்பனி அந்த வேலைக்கு விடாது. கையால் ஒட்டுபவருக்கு ஐ.எஸ்.ஓ. 9606 சோதனை, றோபோ இயக்குபவருக்கு ஐ.எஸ்.ஓ. 14732. டூயிஸ்பூர்க், மூன்சன், ஹல்ல போன்ற நகரங்களில் உள்ள எஸ்.எல்.வி. நிலையங்களில் இவற்றைச் செய்யலாம். 9606 சான்றிதழில் 6 மாதத்துக்கு ஒருக்கால் பொறுப்பாளர் கையொப்பம் வைக்க வேண்டும். மறந்தால் சான்றிதழ் செல்லாமல் போய்விடும். நீங்களே ஞாபகப்படுத்துங்கோ.

ஊரில் முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் (உதாரணமாக கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில்) அதை இங்கே மதிப்பிடுமாறு விண்ணப்பிக்கலாம். 2012 ஏப்ரல் 1இல் வந்த அங்கீகாரச் சட்டம் உங்கள் விசா எந்த வகை என்று பார்ப்பதில்லை. இடம்பெயர்வில் சான்றிதழ் தொலைந்தவர்களும் மனம் தளர வேண்டாம். 'குவாலிஃபிகட்சியோன்ஸ்அனலூஸ' என்ற முறையில் வேலையைச் செய்து காட்டித் திறமையை நிரூபிக்க இடமுண்டு. படிக்காமல் அனுபவத்தால் மட்டும் பழகியவர்களுக்கு இந்தச் சட்டம் உதவாது. அவர்களுக்கு வெல்டர் சோதனை அல்லது 'அவுஸ்பில்டுங்' எனும் தொழிற்பயிற்சி உதவும். உலோக வேலைக்கான குறுகிய பயிற்சி 2 வருடம், இரும்புக் கட்டுமானப் பயிற்சி மூன்றரை வருடம். இரண்டிலும் படிக்கும்போதே சம்பளம் உண்டு.

வேலைக்கு முன் அனுமதி

அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்கள் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு நாளும் வேலை செய்யக் கூடாது. ஆரம்ப முகாமில் இருப்பவர்களுக்கான காத்திருப்பு 2024 பெப்ரவரியில் 9 மாதத்திலிருந்து 6 மாதமாகக் குறைக்கப்பட்டது. விதிகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்க முதல் ஆலோசகரிடம் கேளுங்கோ. "கையில காசு தாறன், பதியத் தேவையில்லை" என்று எவராவது சொன்னால் போகாதீர்கள். பிடிபட்டால் தண்டனை வரும், பின்னர் வேலை அனுமதி எடுப்பதும் கஷ்டமாகும்.

பாதுகாப்பு

றோபோவைச் சுற்றி வேலி இருக்கும். கதவு திறந்தால் அது நிற்கும். வேகமாக வேலை முடிக்கவென்று அந்த உணரியைக் கட்டி வைப்பது உயிரோடு விளையாடுவது. மஞ்சள் பின்னணியில் உள்ள சிவப்புப் பொத்தான் எங்கே என்று முதல் நாளே பாருங்கள். அதன் பெயர் 'நோட்-ஹல்ட்'. பாதுகாப்பு முறைகளை உங்களுக்கு விளங்கும்படி சொல்லித்தருவது முதலாளியின் கடமை. விளங்காவிட்டால் கையொப்பம் வைக்காமல் மீண்டும் கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

இந்தச் சொற்களையும் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: ஷ்வைசன் (வெல்டிங்), ஹெஃப்டன் (புள்ளி ஒட்டு), பொஹ்ரன் (துளைத்தல்), ஸேகன் (அரிதல்), ட்ரேகர் (பீம்), ஸைஷ்னுங் (வரைபடம்). சான்றிதழ் ஏதும் ஊரில் இருந்தால், இன்றைக்கே வீட்டாரிடம் சொல்லிப் பிரதி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.