மறைந்த பிள்ளையும் மறைத்த உண்மையும்

திண்டிவனத்திற்கு வடக்கே, சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்தது ஒலக்கூர். அத்தகைய ஓர் ஊரில், விளக்கேற்றும் வேளை கழிந்தும், பள்ளிக்குச் சென்ற பிள்ளை ஒருவன் வீடு திரும்பவில்லை என்று கொள்க. தாய் வாயிலுக்கும் தெருமுனைக்குமாக நடக்கிறாள். தந்தை புகைவண்டி நிலையத்திற்கு விரைகிறார். இளைஞர் சிலர் விளக்கெடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் செல்கின்றனர். ஒரு நாழிகை செல்வதற்குள் திண்ணைகளிலே பேச்சு எழுந்துவிடுகிறது. தந்தை அடித்திருப்பார் என்பார் ஒருவர். நேற்று ஊருக்குள் வந்த அயலான்மீது ஐயம் என்பார் மற்றொருவர். கண்டவர் ஒருவரும் இலர்; ஆயினும் சொல்லாதவர் எவரும் இலர்.

இந்நிகழ்ச்சியே ஒருவகை நாவலுக்கு வித்தாகும். போர்க்களமும் அரண்மனையும் அதற்கு வேண்டுவதில்லை. ஒரு வீடு, அவ்வீட்டில் வாழ்வோர் சிலர், அவருள் இளையவர் ஒருவர் திடீரென மறைதல் ஆகிய இவையே போதும். அவர் எங்கே சென்றார், ஏன் சென்றார், யார் காரணம் என்னும் வினாக்களுக்கு விடை காணுமளவும் கதை நடைபெறும். இதனைக் குடும்ப மர்மக் கதை என்பர். படிப்போர் நெஞ்சைப் பிணிக்கும் ஆற்றல் இதற்கு எங்ஙனம் வந்தது, இதனைப் படிப்பதனால் வரும் பயன் யாது என்பவை அறியத்தக்கன.

மேலைநாட்டில் துப்பறியும் கதைக்கு வழி வகுத்தவர் அமெரிக்க எழுத்தாளராகிய எட்கர் ஆலன் போ ஆவார். அவர்தம் முதல் துப்பறியும் கதை 1841-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழில் பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீசு நிபுணனைத் தலைவனாக வைத்து 1894-இல் கதை வெளியிட்டார். பின்னர் ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் படைத்தனர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ என்னும் கதை 1935-இலும் 1951-இலும் திரைப்படமாயிற்று. துப்பு என்னும் சொல் பண்டை நூல்களில் வலிமை, உணவு, பவளம் எனப் பல பொருள் தந்தது. இன்றோ, மறைந்ததைக் காட்டிக்கொடுக்கும் சிறு அடையாளத்தையே அது பெரிதும் குறிக்கின்றது.

துப்பறிவோன் ஒருவனும் தோன்றாமலே ஒரு குடும்பத்தின் இழப்பை எடுத்துரைத்த தமிழ் நாவல் ஒன்று உண்டு. அது பி. ஆர். இராஜம் ஐயர் இயற்றிய ‘கமலாம்பாள் சரித்திரம்’. வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்த அவர், 1898-இல் தம் இருபத்தாறாம் அகவையிலேயே மறைந்தார். அந்நாவல் ‘விவேக சிந்தாமணி’ என்னும் திங்களிதழில் 1893 முதல் தொடர்கதையாக வந்து, 1896-இல் நூலாயிற்று. சிறுகுளம் என்னும் சிற்றூரில் செல்வமும் செல்வாக்கும் பெற்று வாழ்ந்த முத்துசுவாமி ஐயர், அவர் மனைவி கமலாம்பாள் ஆகியோரின் வரலாறு அது.

அவர்களுடைய ஆண்குழந்தை நடராஜன் ஒருநாள் காணாமற் போகிறான். துன்பம் தனித்து வாராது என்பதற்கேற்ப, பிற இழப்புகளும் தொடர்கின்றன. எனினும் அக்குடும்பத்தைப் பெரிதும் சிதைத்தது ஒரு சொல்லே. குற்றமற்ற கமலாம்பாள்மீது பழி எழுகின்றது. ஊரார் வம்புப் பேச்சு அதற்கு உரமாகின்றது. அன்பு மிக்க கணவரே ஐயுற்று வீட்டை நீங்குகின்றார். பிரிந்தோர் கூடுவதற்குள் அவ்விருவரும் பட்ட துயரம் பெரிது. இந்நாவலுக்கு ஆசிரியர் இட்ட முழுப்பெயரில் ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்னும் தொடரும் சேர்ந்திருந்தது. அபவாதமாவது வீண்பழி. குழந்தையைக் கவர்ந்து சென்றவர் ஒரு பொருளையே கவர்ந்தனர். பழி கூறியவரோ ஒரு வீட்டின் நம்பிக்கையையே கவர்ந்தனர் என்பது அப்பெயரால் விளங்கும்.

இதே உண்மையை வேறொரு வழியில் உணர்த்துவது ஆங்கிலக் கதை ஒன்று. ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவோனைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் 1904-இல் ‘பிரையரி பள்ளி’ என்னும் கதையை வெளியிட்டார். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள விடுதிப் பள்ளி ஒன்றில் பெருங்கோமகன் ஒருவரின் மகன் பயில்கின்றான். அவனுக்கு அகவை பத்து. ஓரிரவு அவன் மறைந்துவிடுகிறான். அதே இரவில் ஜெர்மன் மொழி கற்பித்த ஹைடெகர் என்னும் ஆசிரியரும் தம் மிதிவண்டியுடன் காணாமற் போகிறார். ஆசிரியரே சிறுவனைக் கடத்தினார் என எண்ணுவது எளிது. அவர் அயல்நாட்டார், பேச்சு மிகுதியில்லாதவர், ஐயத்திற்கு இவையே போதுமானவையாயின.

ஹோம்ஸ் அவ்வாறு எண்ணவில்லை. இருவரும் தங்கிய அறைகளின் நிலையை அவன் கேட்டறிந்தான். சிறுவன் முழுமையாக உடுத்திக்கொண்டு சென்றிருந்தான். ஆசிரியருடைய சட்டையும் காலுறைகளுமோ தரையிலே கிடந்தன. இவ்விரண்டையும் ஒப்பிடுக. முழுமையாக உடுத்தியவன் முன்னரே புறப்பட எண்ணியிருந்தான்; காலுறையும் அணியாமல் ஓடியவர் எதிர்பாராத எதனையோ கண்டு விரைந்திருக்கிறார். ஆதலின் ஆசிரியர் சிறுவனை அழைத்துச் செல்லவில்லை. அவன் செல்வதைக் கண்டு, காக்கும் பொருட்டுப் பின்தொடர்ந்தார் என்பது பெறப்படும். பின்னர் அவ்வாசிரியரின் உடல் புதர்வெளியிலே கிடக்கக் கண்டனர். கள்வர் எனக் கருதப்பட்டவர் தம் மாணவனுக்காக உயிர் நீத்தவராக இருந்தார்.

உண்மைக் குற்றவாளி வீட்டிற்குள்ளேயே இருந்தான். கோமகனின் செயலாளனாகப் பணியாற்றிய இளைஞன், உலகறியாத அவர் மூத்த மகன். ஒப்பாவணம் ஏதுமின்றிப் பிறந்த தனக்குச் சொத்துரிமை இல்லை என்னும் பொறாமையால் அவன் தம்பியைக் கவர்ந்தான். பிரிந்து வாழும் தாய் காண விழைகின்றாள் என்னும் பொய்யே சிறுவனை வெளியே இழுத்தது. செய்தியறிந்த பின்னரும் தந்தை சில நாள் வாய் திறக்கவில்லை. மூத்தவனைக் காக்க எண்ணி, இளையவனை ஒரு தீய விடுதியிலேயே விட்டுவைத்தார். அவருக்கு மகன்மீது அன்பில்லாமல் இல்லை. குடும்பத்தின் பழைய மறைப்பு வெளியாகிவிடுமே என்னும் அச்சமே அவர் நாவைக் கட்டியது.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். சிறுகுளத்தில் அறியாதவர் பேசினர்; ஆங்கிலக் கோமகன் மாளிகையில் அறிந்தவர் பேசாதிருந்தார். ஒன்று பழி, மற்றொன்று மறைப்பு. ஒரு வீட்டில் நேர்ந்த இழப்பை மர்மமாக்குபவை இவை இரண்டுமே. பிள்ளை மறைவது ஓர் இரவில் நிகழ்கிறது. உண்மையோ அதற்குப் பல்லாண்டு முன்னரே அவ்வீட்டில் மறையத் தொடங்கியிருக்கலாம்.

இம்மறைப்பை நீக்கும் கருவி யாது? பண்டைத் தமிழர் அறிவைப் பெறும் வழிகளை அளவை என்றனர். மணிமேகலையின் இருபத்தேழாம் காதை இவ்வளவைகளை எடுத்துரைக்கின்றது. கண்ணால் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உணர்வது கருதல். புகையைக் கண்டவன் நெருப்புண்டு என உணர்தல் இதற்கு எடுத்துக்காட்டு. தரையிற் கிடந்த காலுறை காட்சி. அதனை அணிந்திருக்க வேண்டியவர் விரைந்து ஓடினார் என்பது கருதல். துப்பறிவோன் செய்வது இவ்வளவே. திண்ணையில் இருப்போரும் கருதுகின்றனர். ஆனால் காட்சியின்றிக் கருதுகின்றனர். புகை இல்லாத இடத்தில் நெருப்பு உண்டு என்பதற்கு அது ஒப்பாகும்.

காட்சியை ஆராயாது கருதியதன் கேட்டைத் தமிழ்நாடு நன்கு அறியும். பொற்கொல்லன் ஒருவன் சொல்லை ஆராயாது ஏற்றுக் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோதே உண்மை துலங்கிற்று. அச்சிலம்பை ஒருநாள் முன்னர் உடைத்துப் பார்த்திருப்பின் ஓர் உயிர் பிழைத்திருக்கும். திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்ததும் இதுபற்றியே எனலாம்.

கதையில் கற்றதை வாழ்விலும் கடைப்பிடித்தல் வேண்டும். மீண்டும் ஒலக்கூர்த் தெருவில் பிள்ளையைத் தேடும் அத்தாயை எண்ணுக. ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று சிலர் கூறுவர். பெண்பிள்ளையாயின் மானம் போய்விடும், வெளியிற் சொல்லற்க என்று வேறு சிலர் தடுப்பர். இரண்டும் பெருந்தவறு. காணாமற்போன குழந்தை குறித்த முறையீடு வந்தவுடன் போலீசார் வழக்காகப் பதிவு செய்தல் வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. இன்னலுற்ற குழந்தைகளுக்கு உதவும் தொலைபேசி எண் 1098 ஆகும். பிள்ளையை இறுதியாகக் கண்டவர் யார், எப்போது, எவ்விடத்து, என்ன உடை என்பவற்றை உடனே கூறுதல் வேண்டும். முந்தின நாள் வீட்டில் சினமோ பூசலோ நிகழ்ந்திருப்பின், நாணி அதனை மறைத்தல் ஆகாது. மறைத்த அச்சொல்லே தேடுவோர்க்கு வழிகாட்டும் துப்பாக இருக்கலாம்.

அவனோடு பயிலும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. நண்பன் தன் மனத்துயரை அவர்களிடம் கூறியிருக்கலாம். எங்கேனும் செல்லப்போவதாகச் சொல்லியிருக்கலாம். அதனை ஒளித்தல் நட்பாகாது. அறிந்ததைப் பெரியோரிடம் உரைப்பதும், அறியாததை எவரிடமும் உரையாதிருப்பதும் அன்று அவர்தம் கடமை. இவ்விரண்டும் உள்ள ஊரில், மறைந்த பிள்ளை விரைவில் வீடு சேர்தல் கூடும். திரும்பி வரும் அவனுக்கு, பழிபடாத ஒரு வீடும் காத்திருக்கும்.