உங்களுக்குத் தெரியுமா? பறப்பதைவிட அந்தரத்தில் நிற்பதுதான் கடினம்!

● ரிமோட் ஹெலிகாப்டர் பழக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள்:

● மேல் விசிறி ஒரு பக்கம் சுழன்றால், உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதை அடக்குவது வால் விசிறி. எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறி மாடலில் இந்த இழுபறி தானாகவே சரியாகிவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு அதுதான் தோது.

● ரிமோட்டின் குச்சியைத் தொடாமலே ஹெலிகாப்டர் வலப்பக்கம் நழுவுகிறதா? ட்ரிம் பொத்தானை இடப்பக்கம் ஒவ்வொரு 'கிளிக்'காகத் தட்டுங்கள். முன்னே ஓடினால் பின்பக்கம் தட்டுங்கள்.

● தரையை ஒட்டிப் பறக்கும்போது, கீழே தள்ளப்படும் காற்று தரையில் மோதிக் கலங்குவதால் ஹெலிகாப்டர் தள்ளாடும். விசிறியின் விட்டத்தைவிடக் கூடுதல் உயரத்துக்கு ஏற்றிய பிறகே ட்ரிம் பாருங்கள்.

● வால் உங்கள் பக்கம் இருக்கும்படி பழகுங்கள். மூக்கு உங்களைப் பார்த்துத் திரும்பினால் இடம் வலமாகிவிடும்.

● ரிமோட் ஹெலிகாப்டருக்கும் பொருந்தும் 2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மிகாத நானோ ரகத்தை இயக்க பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் தடை மண்டலங்களில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. அந்த மண்டலங்களைக் காட்டும் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.