ஒரு மடக்குக்கு எத்தனை மார்க்?

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வெள்ளைப் பணியாரம் சுடும் நாளன்று சத்தமில்லாமல் ஒரு தேர்வு நடக்கும். முதல் ஈடு தட்டில் வந்து விழுந்ததும் வீட்டுப் பெரியவர்கள் உடனே வாயில் வைக்க மாட்டார்கள். முதலில் பார்ப்பார்கள். பெயருக்கேற்ற வெள்ளை இருக்கிறதா, எங்கேயாவது சிவந்துவிட்டதா? நடு உப்பி, ஓரம் சன்னமாக வந்திருக்கிறதா? அப்புறம் விரலால் ஓர் அழுத்து. விரலில் எண்ணெய் ஒட்டுகிறதா? அதற்குப் பிறகுதான் முதல் விள்ளல், அதுவும் துவையலைத் தொடாமல்.

மார்க் எல்லாம் கிடையாது. "பரவாயில்லை" என்றால் தேர்ச்சி. "நல்லா வந்திருக்கு" என்றால் முதல் வகுப்பு. எதுவும் பேசாமல் அடுத்த பணியாரத்தை எடுத்தால், அதுதான் மாநிலத்தில் முதலிடம்!

இதே வேலையைக் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு செய்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அவர்கள் முன்னால் இருப்பது பணியாரம் அல்ல, பீர். மது உடல்நலத்துக்குக் கேடு என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. இந்தக் கட்டுரை யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. ஆனால், ஒரு சுவையை எண்ணாக மாற்ற அவர்கள் படும் பாடு இருக்கிறதே, அது சாப்பாட்டில் அக்கறை உள்ள யாருக்கும் சுவாரஸ்யமான கதை.

50 மார்க் தேர்வு

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்வதைக் குற்றமில்லை என்று ஆக்கிய சட்டத்தில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். அவ்வளவுதான், ஊருக்கு ஊர் வீட்டு பீர் போட்டிகள் முளைத்தன. போட்டி என்றால் நடுவர் வேண்டும். நடுவருக்குச் சுவை தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்று அவரே சொல்லிக்கொண்டால் போதாதே. அதனால் 1985-ல் பி.ஜே.சி.பி. என்ற அமைப்பு உருவானது. பீர் நடுவர்களுக்குப் பாடத்திட்டம், தேர்வு, தரவரிசை எல்லாம் வைத்திருக்கிற அமைப்பு. இன்று பல நாடுகளில் இதன் மதிப்பெண் தாள்தான் புழக்கத்தில் இருக்கிறது.

தாள் மொத்தம் 50 மார்க். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். பொன்னிறமும் நுரையும் விளம்பரத்துக்கு முக்கியம், நடுவருக்கு இல்லை. பணியாரத் தேர்வில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்!

45-க்கு மேல் வாங்கினால் அபாரம். 38 முதல் 44 வரை மிகச் சிறப்பு. 30-களில் இருந்தால் நல்ல பெயர். 21-க்குக் கீழே போனால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். எவ்வளவு மோசமாக இருந்தாலும் 13-க்குக் கீழே போடுவதில்லை என்ற மரியாதையும் வழக்கத்தில் உண்டு. ஒருவர் வாரக்கணக்கில் உழைத்துக் காய்ச்சியது அல்லவா?

மேஜையில் முதல் வேலை முகர்வது. ஊற்றிய சில நிமிடங்களிலேயே சில மணங்கள் பறந்துவிடும் என்பதால் இந்த அவசரம். நடுவர் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வரக் கூடாது. போட்டிக்கு முன் காரசாரமாகச் சாப்பிடக் கூடாது. செட்டிநாட்டு மதியச் சாப்பாடு முடித்துவிட்டு அந்த மேஜைக்குப் போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீரிலும் ஊற்றுவது சிறிதளவுதான். ஒயின் நடுவர்கள் சுவைத்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். பீர் நடுவர்கள் பெரும்பாலும் ஒரு சிறு மடக்கை விழுங்குவார்கள். விழுங்கிய பிறகு மூச்சை மூக்கு வழியாக விடுவார்கள்.

அந்த மூச்சில்தான் விஷயமே இருக்கிறது. வீட்டில் யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சோம்பை மெல்லுங்கள். லேசான இனிப்பு, சக்கை, அவ்வளவுதான் தெரியும். இப்போது மூக்கை விடுங்கள். சோம்பு என்றால் என்ன என்று சட்டென்று தெரியும். 'ருசி' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு, தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கைத் தொடும் மணம்தான். மணத்துக்குத் தனியாக 12 மார்க் கொடுத்ததோடு, சுவைக்கான 20-லும் மூக்குக்கு ஒரு பங்கு இருக்கிறது.

ஊசல், சிக்கு, காறல்

மார்க் போடுவதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. ஏன் குறைத்தேன் என்று எழுதுவது. "என்னமோ மாதிரி இருக்கு" என்றால் காய்ச்சியவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை. அதனால் பீர் உலகம் குறைகளுக்குப் பெயர் வைத்தது. டென்மார்க்கில் பிறந்த வேதியியலாளர் மார்ட்டன் மெய்ல்கார்ட் 1970-களில் இந்தச் சொற்களை எல்லாம் திரட்டி, ஒரு சக்கர வடிவில் அடுக்கினார். நூற்றுக்கு மேற்பட்ட மணங்களும் சுவைகளும் அதில் உண்டு.

சக்கரத்தில் இருக்கும் பெயர்கள் கவித்துவமானவை அல்ல, துப்பறியும் குறிப்புகள். பீரில் வெண்ணெய் மணம் வந்தால் அது டயசெட்டில் என்ற பொருள். நொதிக்கும்போது ஈஸ்ட்டே அதை உண்டாக்கும். இன்னும் சில நாள் விட்டுவைத்தால் ஈஸ்ட்டே அதைத் தின்றும் தீர்த்துவிடும். ஆக, வெண்ணெய் மணம் என்றால் காய்ச்சியவர் அவசரப்பட்டிருக்கலாம். வேகவைத்த மக்காச்சோள மணம் என்றால் கொதிக்கவைத்தது போதவில்லை, அல்லது மூடி வைத்துக் கொதிக்கவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. வெளிச்சம் பட்டால் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் சத்து சிதைந்து, ஸ்கங்க் என்ற பிராணி பீய்ச்சும் நாற்றத்துக்கு ஒப்பான ஒரு நாற்றம் வரும். பீர் பாட்டில் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்படிப் பெயர் சொல்வது நமக்கும் புதிதல்ல. பழைய கடலைமாவுப் பலகாரத்தில் சிக்கு வாடை, பழைய தேங்காயில் காறல், குழம்பில் ஊசல், பாலில் தீசல் என்று தமிழ்ச் சமையலறை தனக்கென்று ஒரு சக்கரமே வைத்திருக்கிறது. யாரும் அதை வட்டமாக வரையவில்லை, அவ்வளவுதான்.

கவுனி அரிசியை வெள்ளை அரிசியோடு ஒப்பிடலாமா?

பாடகர் மைக்கேல் ஜாக்சனை எல்லோருக்கும் தெரியும். பீர் ரசிகர்களுக்கு அந்தப் பெயரில் இன்னொருவர்தான் முக்கியம். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1942-ல் பிறந்த பத்திரிகையாளர் அவர். 1977-ல் அவர் எழுதிய உலக பீர் வழிகாட்டி நூல், பீர்களை வகை வகையாகப் பிரித்தது. எந்த பீரையும் அதன் வகைக்குள் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்ற எண்ணம் பரவ இந்த நூல் ஒரு பெரிய காரணம். கருப்பான, கனமான ஸ்டவுட்டை எடுத்து, "லேகர் மாதிரி லேசாக இல்லையே" என்று மார்க் குறைத்தால், கவுனி அரிசியை வெள்ளையாக இல்லை என்று குறை சொன்ன கதைதான்!

அந்த ஜாக்சன் நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறார். செட்டிநாட்டு நகரத்தார் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவிக்கப் போன நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொழும்பின் செட்டியார் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே அவர்களால்தான். அதே இலங்கையின் மலைநாட்டில், நுவரெலியாவில், 1881-ல் தொடங்கியது சிலோன் ப்ரூவரி. ஆங்கிலேயத் தோட்டத்துரைகளின் தாகத்துக்காகத் தோன்றிய ஆலை. பின்னாளில் உற்பத்தி கொழும்புக்கு அருகே பியகமவுக்கு மாறிவிட்டது. அவர்களுடைய லயன் ஸ்டவுட் என்ற கரிய பீரைச் சுவைத்த ஜாக்சன், அதைப் பற்றி உலகுக்கு எடுத்துச் சொன்னார். ஆல்கஹால் 8 சதவீதத்துக்கும் மேல். சாக்லேட்டும் வறுத்த காபியும் கலந்தாற்போன்ற சுவை. வெப்பநாட்டில் நல்ல ஸ்டவுட்டா என்று ஐரோப்பாவில் பலர் வியந்தார்கள். இன்றும் வெளிநாட்டு ரசிகர்களின் பட்டியல்களில் தெற்காசியாவிலிருந்து மதிப்போடு இடம்பெறும் பெயர் அது. வகை பார்க்காமல், 'சூட்டுக்கு ஜில்லென்று இருக்கிறதா' என்ற ஒரே கேள்வியை வைத்திருந்தால் அந்த பீர் எப்போதோ தோற்றிருக்கும்.

லேபிள் குடித்த பீர்

இப்போது சங்கடமான பகுதி. இந்த மார்க்கையெல்லாம் நம்பலாமா?

1964-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். வழக்கமாக பீர் குடிப்பவர்களுக்கு லேபிள் இல்லாத பாட்டில்களைக் கொடுத்து மார்க் போடச் சொன்னார்கள். பெரும்பாலோரால் தங்கள் 'உயிருக்குயிரான' பிராண்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். பிறகு லேபிளோடு கொடுத்தார்கள். மார்க் ஏறியது, அவரவர் பிராண்டுக்கு இன்னும் அதிகமாக ஏறியது. திரவம் அதேதான்.

2006-ல் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் குறும்பானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்கு அருகில் உள்ள மதுக்கூடங்களில், சாதாரண பீரையும் அதிலேயே சில சொட்டு பால்சாமிக் வினிகர் கலந்ததையும் கொடுத்தார்கள். எதுவும் சொல்லாதபோது பலருக்கு வினிகர் பீர்தான் பிடித்தது. "இதில் வினிகர் கலந்திருக்கிறோம்" என்று முன்கூட்டியே சொன்னால், முகத்தைச் சுளித்தார்கள். குடித்து முடித்த பிறகு சொன்னால்? பிடித்தது பிடித்ததாகவே இருந்தது. முன்பே காதில் விழுந்த சொல், நாக்கின் வேலையையே மாற்றிவிடுகிறது.

சாதாரணக் குடிமக்கள்தானே, நிபுணர்கள் அப்படியா என்று கேட்கலாம். கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், ஒயின் போட்டி நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை, அவர்களுக்குத் தெரியாமல், ஊற்றிக் கொடுத்தார். 100-க்கு மார்க் போடும் அந்தப் போட்டியில், ஒரே ஒயினுக்கு ஒரே நடுவர் 4 மார்க் கூட்டியோ குறைத்தோ போடுவது சகஜமாக இருந்தது. தொடர்ந்து ஒரே மாதிரி மார்க் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான். 2008-ல் இது வெளியானபோது ஒயின் உலகம் அவர்மீது கோபப்பட்டதில் வியப்பில்லை.

அரிதாகக் கிடைப்பதற்கும் ஒரு ருசி சேர்ந்துவிடும். பெல்ஜியத்தின் வெஸ்ட்வ்லெட்டரன் மடத்துத் துறவிகள் காய்ச்சும் ஒரு கரிய பீர், 2000-களில் ரசிகர்களின் பட்டியல்களில் உலகின் முதலிடத்துக்கு வந்தது. மடத்து வாசலில், அளவோடு விற்பார்கள். நீண்ட காலம் பாட்டிலில் லேபிள்கூடக் கிடையாது. கார்கள் வரிசை கட்டி நின்றபோதும் துறவிகள் உற்பத்தியைக் கூட்டவில்லை. அது நல்ல பீர் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால், பல மைல் கார் ஓட்டி, காத்திருந்து வாங்கிய பாட்டிலுக்கு யாருக்குத்தான் குறைத்து மார்க் போட மனசு வரும்?

மூன்று டம்ளர் சோதனை

பீர் ஆலைகளுக்கு இந்தப் பலவீனம் முன்பே தெரியும். டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், குறைந்த மாதிரிகளை வைத்து நம்பகமான முடிவுக்கு வரும் கணக்கை 1908-ல் வெளியிட்டார். சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்காததால் 'ஸ்டூடண்ட்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். இன்று கல்லூரியில் புள்ளியியல் படிக்கிற பிள்ளைகள் போடும் 'டி-டெஸ்ட்' அவருடையதுதான். டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் 1940-களில் மூன்று கோப்பைச் சோதனை புழக்கத்துக்கு வந்தது. இரண்டு கோப்பையில் ஒரே பீர், மூன்றாவதில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். எது உசத்தி என்ற கேள்வியே கிடையாது.

இதைக் காபியில் தாராளமாகச் செய்யலாம். சிக்கரி கலந்த தூளில் ஒரு டிகாஷன், கலக்காத தூளில் ஒன்று. பால், சர்க்கரை, சூடு மூன்றும் ஒரே அளவு. ஒருவர் அடுப்படியில் ஊற்றி, மூன்று டம்ளர்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். சுவைப்பவர் கண்ணைக் கட்டிக்கொள்வது நல்லது, நிறம் காட்டிக்கொடுத்துவிடும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், ஒரு வெற்றியை வைத்து மார்தட்ட முடியாது. ஆறு சுற்று வையுங்கள். ஐந்திலாவது சரியாகச் சொன்னால்தான் நாக்குக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறது எனலாம். "சிக்கரி ஒரு துளி விழுந்தாலும் எனக்குத் தெரியும்" என்று சொல்கிற சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு அவரைக் கூப்பிடலாம்.

பீர் போட்டிகளிலும் இதே எச்சரிக்கை உண்டு. நடுவருக்குப் பெயர் தெரியாது. எண் ஒட்டிய கோப்பைதான் வரும், வகை மட்டும் சொல்வார்கள். ஒருவர் முகம் சுளிப்பது அடுத்தவருக்குத் தொற்றாமல் இருக்க, எழுதி முடிக்கும்வரை பேச்சு கிடையாது. பிறகு தாள்களைக் காட்டிக்கொள்வார்கள். இரண்டு நடுவர்களின் மார்க்கில் 7-க்கு மேல் வித்தியாசம் இருந்தால், இருவரும் மறுபடி சுவைத்துப் பேசி இடைவெளியைக் குறைக்க வேண்டும். அந்தத் தாளில் மார்க் கட்டங்கள் ஓரத்தில்தான். பக்கத்தின் பெரும்பகுதி வெறும் கோடுகள். குறிப்பு எழுதுவதற்கான இடம் அது. போட்டி முடிந்ததும் தாள், காய்ச்சியவர் கைக்கே போகும். 27-ஐ வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. "வெண்ணெய் மணம் இருக்கிறது, இன்னும் சில நாள் விட்டுவையுங்கள்" என்ற வரியை வைத்து அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம்.

வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும் என்பது செட்டிநாட்டுக் கணக்கு. கோபுரம் எவ்வளவு உயரம் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. முதல்முறை சுட்ட பேத்தி தட்டோடு வந்து நிற்பாள். எல்லோரும் "நல்லாருக்கு" என்பார்கள். அப்பத்தா மட்டும் விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "உளுந்து ஒரு பிடி கூடிப்போச்சு ஆத்தா."