வென்ஃப்ளானை எப்போது மாற்றுவது, சிஸ்டர்?

மருந்து ஏற்றக் கையில் குத்திய வென்ஃப்ளான் குழாயை மூன்று நாளைக்கு ஒருமுறை கழற்றி, வேறு இடத்தில் குத்துவது வார்டுகளில் நெடுநாள் வழக்கம். நர்ஸ் பேராசிரியர் கிளேர் ரிக்கார்ட் தலைமையில் ஆஸ்திரேலியாவில் 3,283 நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2012இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு நாள் கணக்குப்படி மாற்றினார்கள். மற்றவர்களுக்கு வலி, வீக்கம், அடைப்பு என்று தேவை வந்தபோது மட்டும். ரத்தநாளம் சிவந்து வீங்கியது இரண்டு பிரிவிலும் 7 சதவீதம் பேருக்குத்தான். அத்தனை குத்தல்களும் வீண் என்றால், அந்த வலிக்கு யார் பொறுப்பு?

இப்படிக் கேட்டு, ஆய்வைத் தேடி, அதன் தரத்தை எடைபோட்டு, தன் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்த்து, மாற்றியபின் விளைவையும் அளப்பதுதான் சான்று சார்ந்த செவிலியம். இந்திய நர்சிங் கவுன்சிலின் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டு ஆண்டு; மகப்பேறுக்கான பயிற்சி 18 மாதம். இவற்றை முடித்துத் தாமாகவே முடிவெடுக்க வேண்டிய நர்ஸ்களுக்கு இந்தத் திறன் உயிர்நாடி. தேடுவதற்குக் காசு தடையாகக் கூடாதென்று, ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் நூலகத்தை 2007இலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இந்தியர் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

கடினம் பொருத்திப் பார்ப்பதில்தான். தேவைக்கு மட்டும் மாற்றலாம் என்றால், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஊசி இடத்தை யாராவது பார்த்தாக வேண்டும். ஆள் பற்றாத வார்டில் அந்த முடிவை அப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்து.

இன்னோர் உதாரணமாக, தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணிப் பக்கத்து உப்பளங்களை எடுத்துக்கொள்வோம். உப்பளத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் சிறுநீரகப் பாதிப்பையும் சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் அளந்து பதிவுசெய்திருக்கிறார்கள். 'நிறையத் தண்ணீர் குடிங்கம்மா' என்று நர்ஸ் சொல்வது மருத்துவப்படி சரிதான். ஆனால் ஒதுங்க இடமில்லாத பாத்தியில் நிற்கிற பெண், சிறுநீர் வரக்கூடாது என்றே தண்ணீரைக் குறைக்கிறாள். இதை அவளிடம் கேட்டறியாத அறிவுரை நோட்டீஸோடு நின்றுவிடும். நோயாளியின் நிலையையும் விருப்பத்தையும் கருத்தில் கொள்வதும் சான்று சார்ந்த மருத்துவத்தின் பகுதியே என்று, அதன் முன்னோடியான மருத்துவர் டேவிட் சாக்கெட் 1996இலேயே எழுதினார். நம் வகுப்புகளில் அந்தப் பகுதியைத்தான் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

ஆகவே, தேர்வுக்காகக் கட்டுரை எழுதவைப்பதைவிட, மாணவி தன் வார்டில் எழுந்த ஒரு கேள்வியைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். தூத்துக்குடியில் பயில்பவர் உப்பளத்துப் பெண்களிடமிருந்தே அதைத் தொடங்கலாம். அதற்கான நேரம் டியூட்டி அட்டவணையிலேயே இருக்க வேண்டும், ஓய்வு நேரத்தில் அல்ல. பழைய வழக்கம் தவறென்று அவர் சான்றோடு காட்டினால், அதை மாற்றும் அதிகாரமும் கண்காணிப்பாளரிடமிருந்து கிடைக்க வேண்டும்.