விடியுமுன் ஒரு வேண்டுகோள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறீர்களா? பேஷாகப் போய் வாருங்கள்! வெள்ளிமலைப் பக்கம் கூடாரமடித்துத் தங்கினால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். விடியற்காலை நாலு மணிக்கே பாத்திரங்களை உருட்டி, "எழுந்திருங்கடா, பெரியார் அருவிக்குப் போகணும்!" என்று கூவாதீர்கள். பக்கத்துக் கூடாரத்துத் தாய் அப்போதுதான் கைக்குழந்தையைத் தூங்கப் பண்ணியிருப்பாள்.

காற்றடிக்காத விடியலில் தரையோரக் காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ளது சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். அதனால் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் கேட்கும். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவென்றே கணக்கிடுகின்றன.

காப்பிச் சாமான்களை முதல் நாளே எடுத்து வையுங்கள். குழந்தைகளைத் தோள் தொட்டு எழுப்புங்கள். கார்க் கதவை மெல்லச் சாத்துங்கள். அது மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர், நாம் விருந்தாளிகள். விருந்தாளி வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கலாமா?