இலையின் தாகத்தை அறிவிக்கும் மீயொலி



பயிர் வாடித் தலைசாய்ந்த பிறகு நீர் பாய்ச்சினால் பயிர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இழந்த வளர்ச்சி முழுவதும் திரும்பாது. இலை வாடுவது கண்ணுக்குத் தெரியுமுன்னரே வளர்ச்சி குன்றத் தொடங்கிவிடுகிறது. இந்த நிலையை இலையைப் பறிக்காமலும் தொடாமலும் அறிய மீயொலி உதவுகிறது.

மீயொலி என்பது யாது?

நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டு, நம் காதுக்கு எட்டாத ஒலியே மீயொலி ஆகும். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும்போது உடலில் பசை தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் வழியே வரும் ஒலி நீரின்மேல் பட்டால், 1,000 பங்கில் ஏறத்தாழ ஒரு பங்கே உள்ளே நுழையும், மற்றவை திரும்பிவிடும். இடையில் காற்று இல்லாதிருக்கவே அந்தப் பசை.

இலையை எவ்வாறு கடக்கிறது?

இலை மிக மெல்லியது. அதன் செல்களுக்கிடையே காற்றிடைவெளிகள் நிறைந்துள்ளன. ஆகவே நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும் ஒலி, இலையின் குறுக்கே சில நூறு மீட்டர் வேகத்திலேயே செல்கிறது. அலைநீளத்தின் பாதியும் இலையின் தடிமனும் சமமாகும்போது, இலைக்குள் முன்னும் பின்னும் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றுகூடி வலுக்கின்றன. இலையும் சேர்ந்து அதிர்ந்து ஒலியை நன்கு மறுபுறம் விடுகிறது. இதுவே ஒத்ததிர்வு. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள இலையில் ஒலியின் வேகம் நொடிக்கு 250 மீட்டர் எனக் கொண்டால், ஒத்ததிர்வு நொடிக்கு 5 லட்சம் அதிர்வில் நிகழும்.

நீர் குறைந்தால் என்ன ஆகும்?

காற்று நிறைந்த சைக்கிள் டயரைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். காற்று இறங்கிய டயர் மந்தமாக ஒலிக்கும். இலைக்கு விறைப்பைத் தருவது செல்களில் உள்ள நீர். நீர் குறையக் குறைய விறைப்பு தளர்ந்து, ஒத்ததிர்வு எண் இறங்குகிறது. ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இலையின் ஒருபுறம் ஒலியை அனுப்பி, மறுபுறம் வாங்கி, இம்மாற்றத்தை அளந்து 2010ஆம் ஆண்டையொட்டி ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். இலையைப் பறித்து அழுத்தக் கலத்தில் வைத்து அளப்பது பழைய முறை. மீயொலி முறையில் அதே இலையை மீண்டும் மீண்டும் அளக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

இது ஆராய்ச்சியாளர் கையாளும் கருவி. ஆயினும் இது உணர்த்தும் பாடம் உங்களுக்கு உரியது: வாடும்வரை காத்திருக்காதீர்கள்.

• நண்பகலில் துவண்ட இலை மாலையில் நிமிர்ந்துவிடலாம். காலையிலும் துவண்டிருந்தால் பாசனம் தாமதமாகிவிட்டது என்று பொருள்.

• மணற்பாங்கல்லாத நிலத்தில், ஒரு சாண் ஆழத்து மண்ணை உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் உடனே நீர் பாய்ச்சுங்கள்.

• நிலக்கடலை பூத்து விழுது இறங்கும்போதும், மக்காச்சோளம் பூக்கும்போதும் ஈரம் குறைய விடாதீர்கள். அப்போது ஏற்படும் இழப்பைப் பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் ஈடுசெய்ய இயலாது.